இரண்டாவது கூடு

ஷெட்டில் மரவேலை முடிந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. அப்படியிருக்க, மச்சினனின் காது மடலுக்குள் மரத்தூள் எங்கிருந்து வந்தது?

டிங்கர் அதைக் கவனித்தது மத்தியானச் சாப்பாட்டு வேளையில். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் மச்சினன். இடது காதின் மடிப்பில் பொடிப்பொடியாக மஞ்சள் தூள். பழைய தூளாக இருந்தால் அழுக்கேறிக் கறுத்திருக்கும். இது அன்று காலை அறுத்த பலகையின் தூள். ஆனால் அன்று காலை ஷெட்டில் யாரும் எந்தப் பலகையையும் அறுக்கவில்லை.

“காதுல என்ன மாப்ள?”

மச்சினன் விரலை விட்டுத் துடைத்து, விரலைப் பார்த்து, சட்டையில் தேய்த்துக்கொண்டான். “தூசி மாமா.”

மரத்தூளைத் தூசி என்று சொல்கிற தச்சனை டிங்கர் அதுவரை பார்த்ததில்லை. மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, சாப்பிடும்போதாவது அவனைப் போலீஸ் மாதிரி பார்க்காமல் இருக்கக் கூடாதா என்று கேட்டாள். டிங்கர் வேலை பார்த்த ஷெட்டின் கூரை ஒரு வாக்கின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அந்த வாக்கை யாரோ அடியிலிருந்து அறுப்பது போலிருந்தது அவருக்கு.

டிங்கர் என்பது தொழிலின் பெயர். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது மட்டும் மனைவி யோசித்து யோசித்து அதைச் சொல்வாள். நசுங்கிய லாரி முகப்பையும் ஒடுங்கிய பஸ் பக்கவாட்டையும் தட்டி நிமிர்த்துவதுதான் பிழைப்பு. மனைவியின் தம்பி தச்சன். கட்டில், அலமாரி, லாரிக்குப் பலகை அடிப்பது என்று எது வந்தாலும் செய்வான். இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தார்கள். ஷெட், பல் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், அவருடைய இடத்திலேயே இருந்தது.

அந்த ஷெட்டுக்குத்தான் ஒருநாள் சென்ட்டுக்காரர் வந்தார். கல்யாணங்களுக்கும் போட்டோ எடுப்பவர்களுக்கும் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவர். அவர் வருவதற்கு முன் அவருடைய சென்ட் வாசனை வந்துவிடும். அவர் போன பிறகும் உட்கார்ந்திருக்கும். அவருக்கு எங்கிருந்தோ ஒரு பெரிய காரின் சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடைத்திருந்தது. ஒரு காலத்தில் ஆலை முதலாளிகளும் மந்திரிகளும் ஏறிப்போன ரகம். எஞ்சின் இருந்தது, அச்சு இருந்தது, சக்கரங்கள் இருந்தன. பாடி மட்டும் துருப்பிடித்து உதிர்ந்துபோய்விட்டது. அதற்கு அசல் மாதிரியே அலுமினியத்தில் புதுப் பாடி கட்ட வேண்டும் என்றார்.

லாரி தட்டுகிற தன்னிடம் இதை ஏன் கொண்டுவருகிறார் என்று டிங்கர் அப்போதே யோசித்தார். விடை கண் முன்னாலேயே நின்றது. அதே ரகத்தில் முழுப் பாடியோடு கூடிய ஒரே வண்டி, பல் டாக்டரம்மாவின் கார் நிறுத்தும் அறையில் துணி போர்த்திக்கொண்டு இருந்தது. அவருடைய அப்பாவின் கார். சென்ட்டுக்காரர் தேடி வந்தது டிங்கரின் கையை இல்லை, ஷெட்டின் சொந்தக்காரம்மாவை.

டாக்டரம்மா லேசில் மசியவில்லை. சென்ட்டுக்காரரை வெளியே உட்காரவைத்துவிட்டு டிங்கரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“அளவு எடுத்துக்கங்க. ஆனா ஒரே ஒரு பாடிதான். வேலை முடிஞ்சதும், தகடு தட்டறதுக்குச் செய்யற மரக்கூட்டை என் கண்ணு முன்னாடி அறுத்துப் போடணும். நாளைக்கு ஊர்ல இதே மாதிரி நாலு வண்டி ஓடுச்சுன்னா, எது அசல்னு என் வண்டியத்தான் தட்டிப் பாப்பாங்க.”

அவருக்குச் சென்ட்டுக்காரர் மேல் நம்பிக்கை இல்லை, டிங்கரின் வார்த்தையை நம்பித்தான் கதவைத் திறக்கிறார். இரண்டாவது பாடி ஒன்று முளைத்தால் அன்றைக்கே ஷெட்டைக் காலி செய்துவிட வேண்டும். இதையும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். பல் பிடுங்கும்போதும் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

டிங்கர் வாக்குக் கொடுத்தார். வெளியே வந்ததும் சென்ட்டுக்காரர் முதல் வேலையாகக் கேட்டது, கூடு ஒன்று தயாராகிவிட்டால் இரண்டாவது பாடி தட்டுவது சுலபம்தானே என்பதைத்தான். டிங்கர் முடியாது என்று சொன்னார். மச்சினன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அளவெடுக்கும் வேலை பொறுமையைச் சோதிக்கிற வேலை. அசல் காரின் மேல் அட்டையை வைத்து, வளைவு அதில் அச்சாகப் பதியும்வரை நறுக்கிக்கொண்டே போக வேண்டும். அந்தக் குழிவை இன்னொரு அட்டையில் வரைந்து வெட்டினால், காரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தது போன்ற ஒரு வடிவம் கைக்கு வரும். இப்படி மூக்கிலிருந்து வால் வரைக்கும் அட்டைகள். ஒவ்வொன்றையும் பலகையில் வைத்துக் கோடிழுத்து, வெட்டி, விலா எலும்பு மாதிரி வரிசையாக நிறுத்திப் பூட்டினால் மரக்கூடு. அந்தக் கூட்டின் மேல் வைத்து வைத்துப் பார்த்துத் தட்டுகிற தகடுதான் கடைசியில் பாடி.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அட்டை எடுப்பது காரின் வெளித்தோலில். புதுத் தகடு உட்காரப்போவது கூட்டின் மேல். ஆகவே தகட்டின் கனத்தைக் கூட்டில் கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் சட்டைக்கு மேல் சட்டை போட்ட ஆள் மாதிரி பாடி ஊதிவிடும்.

கட்டில் செய்து பழகின கைக்கு இதெல்லாம் எங்கே ஞாபகமிருக்கப் போகிறது என்பது டிங்கரின் எண்ணம். சொன்னால் “தெரியும் மாமா” என்பான். பிறகு மறந்துவிடுவான். அதனால் மச்சினன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, எல்லா அட்டைகளின் விளிம்பையும் தகட்டின் கனத்துக்குக் கத்திரியால் நறுக்கிவைத்துவிட்டார். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கு ரோஷம் வரும். அவனுக்கு ரோஷம் வந்தால் அவன் அக்காளின் குழம்பில் உப்பு ஏறும்.

கூடு எழுந்து நின்றபோது டிங்கருக்கே மலைப்பாக இருந்தது. நீண்ட மூக்கு, தோள் மாதிரி இறங்கும் மட்கார்டுகள், பின்னால் சரிந்து ஓடும் முதுகு. இதற்கப்புறம் மச்சினனுக்கு அங்கே வேலை இல்லை. அவன் கட்டில் கடைக்குத் திரும்பி, அறுத்து முடித்த கட்டில்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். டிங்கர் மணல் மூட்டையின் மேல் தகட்டைப் போட்டு மரச்சுத்தியால் தட்ட ஆரம்பித்தார். குழிய வேண்டிய இடத்தில் குழித்து, உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்டித் தழும்பைப் போக்கி, கூட்டின் மேல் வைத்துப் பார்ப்பார். ஒரு ஓரம் தூக்கும். மறுபடி மணல் மூட்டை. இப்படி ஒரு மட்கார்டு சரியாக உட்கார்ந்த அன்று, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் மோதியதை நிமிர்த்திய கை, முதல் தடவையாக ஒன்றைப் புதிதாகச் செய்திருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் மரத்தூள் விழுந்தது.

ஒரு சந்தேகம் வந்தால் அது தனியாக வருவதில்லை. மறுநாள் ஷெட்டில் அட்டைக் கட்டைப் பார்த்தார். சுவரில் ஆணியடித்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. டிங்கர் போடுவது லாரிக்காரன் முடிச்சு, இழுத்தால் இறுகும். இப்போது அதில் இருந்தது ஜடை நாடா மாதிரி ஒரு சுருக்கு. அவிழ்த்து எண்ணாமல் புரட்டினாலே தெரிந்தது, முன் கண்ணாடிக்குக் கீழே வருகிற அட்டை அதில் இல்லை. கயிற்றை மூக்கருகே கொண்டுபோனார். சென்ட்.

அந்த வாசனையை அவர் அடுத்து முகர்ந்தது மச்சினனின் சட்டையில். துவைக்கப் போட்டிருந்த துணிகளின் மேல் கிடந்தது. குனிந்து முகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் மனைவி வந்துவிட்டாள்.

“என் தம்பி சட்டைய எதுக்கு மோந்து பாக்கறீங்க? வேற பொம்பளையா தேடறீங்க?”

டிங்கர் சொன்னார். மரத்தூள், முடிச்சு, அட்டை, வாசனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். சென்ட்டுக்காரருக்கு இவன் திருட்டுத்தனமாக இன்னொரு கூடு செய்துகொடுக்கிறான், கூடு கையில் இருந்தால் பாடியை எவனிடம் வேண்டுமானாலும் தட்டிக்கொள்ளலாம், டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் சுத்தியும் மணல் மூட்டையுமாக நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றார்.

அவள் சட்டையைப் பிடுங்கித் தண்ணீரில் முக்கினாள். அவன் திருடுகிறவனாக இருந்தால் இத்தனை வருஷம் இவரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு ஏன் இருக்கப்போகிறான் என்று கேட்டாள். பிறகு, கொஞ்சம் குரல் இறங்கி, அவன் ஒரு மாதமாகச் சரியாகப் பேசுவதில்லைதான், கேட்டால் தலைவலி என்கிறான் என்றாள். அதை அவள் தம்பிக்கு ஆதரவாகத்தான் சொன்னாள். டிங்கரின் காதில் அது ஐந்தாவது சாட்சியாக விழுந்தது.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சாப்பாடு முடிந்து மச்சினன் சைக்கிளை எடுத்தபோது, ஆணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டிங்கரும் பின்னால் கிளம்பினார். அவன் கட்டில் செய்துகொடுக்கும் கடைப் பக்கம் திரும்பவில்லை. பெரிய ரோட்டைக் கடந்து, குறுக்குத் தெருவில் புகுந்து, சவப்பெட்டி செய்கிறவரின் பட்டறைக்கு முன்னால் இறங்கினான். சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பக்கத்துச் சந்தில் ஜன்னல் பலகை ஒன்று விரிசல் விட்டிருந்தது. டிங்கர் கண்ணைப் பொருத்தினார். சாய்த்து அடுக்கிய பெட்டி மூடிகள். அவற்றுக்குப் பின்னால், மேலே போட்டிருந்த கோணியை மச்சினன் இழுத்ததும், அது தெரிந்தது. நீண்ட மூக்கு. தோள் மாதிரி இறங்கும் மட்கார்டு. அவர் கைக்கு மனப்பாடமான அதே வளைவு, பச்சைப் பலகையில், பாதிக்கு மேல் முடிந்து நின்றது. அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தான் அவருடைய மனைவியின் தம்பி.

டிங்கருக்குக் கதவை உதைக்கத் தோன்றியது. உதைக்கவில்லை. திரும்பி நடந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகும் உள்ளே நுழையக் கால் வரவில்லை. டாக்டரம்மாவுக்கு வேறு வாய் வழியாகச் செய்தி போனால் ஷெட் போய்விடும். இவர் வாயால் போனால் வீட்டில் உலை வைக்க ஆள் இருக்காது. மச்சினனைப் பிடித்துத் தனியாகக் கேட்கலாம். கேட்டால் தூசி என்பான்.

உள்ளே போனார். டாக்டரம்மா ஒருவரின் திறந்த வாய்க்குள் குனிந்திருந்தார்.

“டாக்டரம்மா, நான் குடுத்த வாக்கு போச்சுங்க. சவப்பெட்டிப் பட்டறையில இன்னொரு கூடு நிக்குது. என் மச்சினன் செய்யறான்.”

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்திருந்தவர் அதைவிட ஆவலாகப் பார்த்தார். டாக்டரம்மா அந்த வாய்க்குள் பஞ்சை வைத்து, கடித்துக்கொண்டு உட்காரும்படி சொல்லி, கையுறையைக் கழற்றினார். சென்ட்டுக்காரருக்குப் போன் செய்து சவப்பெட்டிப் பட்டறைக்கு வரும்படி சொன்னார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. எந்தப் பட்டறை என்று அந்த மனுஷர் கேட்காததை டிங்கர் மனதில் குறித்துக்கொண்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மச்சினன் ஒரு புதுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மாவைப் பார்த்ததும் எழுந்தான். அவருக்குப் பின்னால் டிங்கரைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

“இது எதுக்கு?” என்றார் டாக்டரம்மா.

“அது தப்பு, டாக்டரம்மா. இது சரி.”

பிறகு அவன் சொன்னதெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னது. டிங்கர் தகடு எடுக்க வெளியூர் போயிருந்த ஒரு நாளில் சென்ட்டுக்காரர் ஷெட்டுக்கு வந்திருக்கிறார். தன்னிடம் பத்திரமாக வைத்திருந்த அசல் முன்கண்ணாடிச் சட்டத்தையும் ரேடியேட்டர் முகப்பையும் காட்டக் கொண்டுவந்தார். மச்சினன் ஆசையாக அந்தச் சட்டத்தைத் தூக்கிக் கூட்டின் மேல் வைத்தான். சட்டத்தின் கால்கள் இரண்டு பக்கமும் வெளியே நின்றன. தகட்டுத் துண்டை நடுவே வைத்துப் பார்த்தான், அப்போதும் வெளியேதான். ரேடியேட்டர் முகப்புக்கும் மூக்குக்கும் நடுவே நகம் நுழைந்தது. கூடு சின்னதாகிவிட்டது. எங்கோ தன் கை தப்பியிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. எங்கே என்றுதான் புரியவில்லை. ஆகவே அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒவ்வொரு விலாவாகப் புதிதாக வெட்டிக்கொண்டிருந்தான். முடிந்ததும் சொல்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தானாம்.

“என்கிட்ட ஏன்டா சொல்லல?” என்றார் டிங்கர்.

“சொன்னா என்ன சொல்லுவீங்க மாமா? கட்டில் செய்யறவன் கார் செஞ்சா இப்படித்தான்னு சொல்லுவீங்க. மட்கார்டு மேல கைய வச்சுக்கிட்டு நீங்க நின்னதைப் பாத்தேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? அதுக்கு இன்னொரு கூடு செய்யறது சுலபமா இருந்துச்சு.”

டிங்கர் அதை நம்பவில்லை. மூட்டை மூட்டையாகக் கதை கட்டுகிறான் என்றுதான் நினைத்தார். டாக்டரம்மா கூட்டைச் சுற்றி வந்தார். விலாப் பலகைகளின் விளிம்பில் விரலை ஓட்டினார். பல் ஆஸ்பத்திரியில் கேட்கிற மாதிரியே, எந்தப் பக்கம் வலி என்பது போல, சாதாரணமாகக் கேட்டார்.

“முதல் கூட்டுல தகட்டுக் கனத்தை யாரு கழிச்சீங்க?”

“நான்தான்,” என்றான் மச்சினன். “கோட்டுக்கு உள்ளே தள்ளித் தள்ளித்தான் வெட்டினேன். மாமா அதையெல்லாம் மறந்துருவாருன்னு தெரியும்.”

டாக்டரம்மா டிங்கரைப் பார்த்தார். டிங்கர் பெட்டி மூடிகளைப் பார்த்தார்.

“நீங்க?”

“நானும் அட்டைய நறுக்கி வச்சேன்,” என்றார் டிங்கர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“பல்லுக்குத் தொப்பி போடறதுக்கு முன்னாடி, தொப்பியோட கனத்துக்குப் பல்லைத் தேய்ப்போம். நான் ஒரு தடவ தேய்ச்சு, என்னை நம்பாம நர்ஸ் ஒரு தடவ தேய்ச்சா என்ன ஆகும்?”

“என்கிட்டதான் வரணும்,” என்றார் ஓரத்தில் பலகை இழைத்துக்கொண்டிருந்த சவப்பெட்டிக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. மச்சினன் மட்டும் மெதுவாகத் தலையைத் தூக்கி, டிங்கரை ஒரு பார்வை பார்த்தான். ஒரு மாதமாகத் தூக்கத்தைத் தொலைத்துத் தேடிய பிழை, கத்திரியோடு எதிரே நின்றுகொண்டிருந்தது. டிங்கருக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அதே சமயம் உள்ளே ஒரு கேள்வி மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தது. அப்படியானால் அந்தச் சென்ட்டுக்காரர் இதற்கெல்லாம் சும்மாவா வாயை மூடிக்கொண்டிருந்தார்?

வாசனை அப்போதுதான் உள்ளே வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார். நிலைமையைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப நல்லதாகப் போயிற்று என்றார். சரியான கூடு வந்துவிட்டது. இனி தப்பான கூடு யாருக்கும் வேண்டாம். ஷெட்டில் இருக்கிற தகடுகளோடு அதைத் தானே எடுத்துக்கொண்டு போய்விடுவதாகவும், இடைவெளியில் மக்குப் பசையை அப்பினால் கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்தில் எவன் நகத்தை விட்டுப் பார்க்கப் போகிறான் என்றும் சொன்னார். டாக்டரம்மாவின் பக்கம் திரும்பி, “அளவு ஒத்துப்போகாதது நகல் ஆகாதுங்களே,” என்றார்.

“பொருந்தாத பல்லும் பல்லுதான்,” என்றார் டாக்டரம்மா. பிறகு மச்சினனிடம் கேட்டார். “பழைய கூட்டை இவருக்குத் தரேன்னு சொன்னீங்களா?”

மச்சினன் கையிலிருந்த உப்புத்தாளை மடித்தான். “பாக்கலாம்னு சொன்னேன்.”

அந்த வார்த்தையை டிங்கருக்கு நன்றாகத் தெரியும். லாரி முதலாளிகளிடம் சரி என்று சொல்லப் பயமாக இருக்கும்போது அவர் சொல்கிற வார்த்தை அது. ஆக, அவர் சந்தேகம் முழுப் பொய்யும் இல்லை. அது தெரிந்ததில் அவருக்குக் கொஞ்சம்கூட ஆறுதல் கிடைக்கவில்லை.

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கு இந்தக் குடும்பக் கதையெல்லாம் வேண்டாம், இரண்டில் ஒரு கூடு இப்போதே போக வேண்டும், எது என்று டிங்கரே சொல்லட்டும், இரண்டும் நின்றால் ஷெட் சாவி தன் கையில் இருக்க வேண்டும் என்றார்.

டிங்கருக்கு எது நியாயம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் அவர் தட்டிய தகடெல்லாம் பழைய கூட்டின் அளவுக்குத் தட்டியது. இந்தப் புதுக் கூட்டை அறுத்தால் அத்தனையும் பிழைக்கும். மக்கு அப்பலாம். சென்ட்டுக்காரருக்கே ஆட்சேபணை இல்லை. பழையதை அறுத்தால், மட்கார்டுகளை உருளையில் ஓட்டிக் கொஞ்சம் நீட்டலாம்; கதவுகள், மூக்கு, கண்ணாடிக்குக் கீழே வருகிற தகடு எல்லாம் மறுபடி வெறும் தகட்டிலிருந்து. அவர் தோள்பட்டை அதை நினைத்தே வலித்தது.

கண்ணாடிச் சட்டத்தைக் கேட்டார். மச்சினன் கோணிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். டிங்கர் புதுக் கூட்டின் தோளில் தகட்டுத் துண்டுகளை வைத்து, சட்டத்தைத் தானே இறக்கினார். அது முனகக்கூட இல்லை. கால்கள் இரண்டும் தகட்டின் மேல், பூனை உட்காருவது மாதிரி உட்கார்ந்தன. நகத்தை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. அடுத்த பக்கம் போய் விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. மச்சினனை நம்பாமல் மூன்றாவது தடவையும் பார்த்தார்.

“பழசு போகட்டும்,” என்றார்.

எல்லோரும் ஷெட்டுக்குத் திரும்பினார்கள். டிங்கரே தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். மட்கார்டைக் கழற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெறுங்கூட்டை இரண்டு பேருமாகத் தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். மச்சினன் ரம்பத்தை நீட்டினான். டிங்கர் வாங்கிக்கொண்டு, முதுகெலும்பு மாதிரி ஓடிய நடுக்கட்டையின் மூட்டில் வைத்தார்.

“அங்க இல்ல மாமா,” என்றான் மச்சினன். “மூட்டுல அறுத்தா நானே அரை நாள்ல திரும்பச் சேத்துருவேன். விலாவுக்குக் குறுக்க அறுங்க. வளைவு இருக்குது பாருங்க, அதுலயே. அப்பதான் எவனாலயும் ஒட்ட முடியாது.”

டிங்கர் அவனை நிமிர்ந்து பார்த்தார். சென்ட்டுக்காரரின் முகம் வெளிறியதையும் பார்த்தார். ரம்பத்தை நகர்த்தி வளைவில் வைத்து இழுத்தார். பாதி விலாக்கள் விழுந்ததும் கை ஓய்ந்தது. மச்சினன் ரம்பத்தை வாங்கிக்கொண்டு மீதியை அறுத்தான். அவன் அறுக்கும்போது டிங்கர் ஒவ்வொரு வெட்டும் வளைவில்தான் விழுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அதைக் கவனித்தான். கவனித்தும், ஒவ்வொரு துண்டையும் அவர் பக்கமாகவே தள்ளிவிட்டான்.

டாக்டரம்மா மரக்குவியலைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, “அட்டைங்க?” என்றார்.

அதை எல்லோருமே மறந்திருந்தார்கள். அட்டை இருந்தால் கூடு என்ன, ஒரு டஜன் கூடு செய்யலாம். டிங்கர் கட்டைக் கொண்டுவந்தார். கண்ணாடிக்குக் கீழே வருகிற அட்டை மட்டும் இல்லை. டிங்கர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன், அதைத் தான் எடுத்து வேலை முடிந்ததும் திரும்ப வைத்துவிட்டதாகச் சொல்லி, சென்ட்டுக்காரரைப் பார்த்தான். சென்ட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ அவசரத்தில் அது தன் வண்டியில் வந்துவிட்டதாக ஞாபகம் என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது அட்டை கையில் இருந்தது, அதன் ஓரங்களில் யாரோ பென்சிலால் சுற்றி வரைந்த கறுப்புத் தடத்தோடு. டாக்டரம்மா அந்தத் தடத்தைப் பார்த்தார். ஒரு அட்டையை வைத்துக்கொண்டு மூக்கும் வாலும் இல்லாமல் என்ன கட்டப்போகிறார் என்று மட்டும் கேட்டார். சென்ட்டுக்காரர் சிரித்து மழுப்பினார்.

ஷெட் சாவியை டாக்டரம்மா கேட்கவில்லை. ஆனால் அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி இரும்பு அலமாரியில், பல் அச்சுகளுக்குப் பக்கத்தில், வைத்துப் பூட்டிவிட்டார். வேலைக்குத் தேவைப்பட்டால் ஒவ்வொரு அட்டையாக வாங்கிக்கொண்டு போகலாம், சாயங்காலம் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒருவர் மட்டும் வந்து கேட்டால் கிடையாது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. அதுவே டிங்கருக்குப் பயமாக இருந்தது. மனைவி தம்பிக்கு முதலில் பரிமாறிவிட்டு, டிங்கரின் தட்டில் போடும்போது கரண்டி மட்டும் கொஞ்சம் சத்தமாக இடித்தது.

மறுநாள், புதுக் கூட்டில் பாக்கியிருந்த கதவு விலாக்களை வெட்டிவிட்டுக் கதவுத் தகட்டைத் தொடங்க வேண்டும். அதற்கான அட்டைக்காக இரண்டு பேரும் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வீங்கிய கன்னங்களுக்கு நடுவே இரண்டே இரண்டு நாற்காலிதான் காலியாக இருந்தது, அதுவும் ஒட்டினாற்போல. உட்கார்ந்தார்கள். பக்கத்தில் துணியால் தாடையைக் கட்டியிருந்த ஒருவர், இரண்டு பேரில் யாருக்கு வலி என்று சைகையில் கேட்டார். டிங்கர் மச்சினனைக் காட்டினார். மச்சினன் டிங்கரைக் காட்டினான்.

“மாமா,” என்றான் மச்சினன், குரலைத் தாழ்த்தி. “இந்தக் கதவுக்குக் கனத்தை யாரு பாத்துக்கறது?”

“நீ பாத்துக்க.”

“நீங்க தொட மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“சத்தியமா?”

டிங்கர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து நர்ஸ், அடுத்த ஆள் வரலாம் என்று குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கதவு ஒருவர் மட்டும் நுழைகிற அகலம்தான். நீ முதலில் போ என்று இரண்டு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒன்றாகவே உள்ளே நுழைந்தார்கள்.